ஷௌகத்துக்குப் பேசி வைத்த பெண்ணுக்கு

நாப்லஸ், யாஸ்மினாத் தெரு
ஞாயிற்றுக்கிழமை காலை

என் கண்ணே அரீஜ், யம்மா,

போகிற இடமெல்லாம் இறைவன் உன் கூடவே இருக்கட்டும். இங்கே நானும் உன் அப்பாவும் எழுந்து நடமாடுகிறோம், சாப்பிடுகிறோம், சண்டை போடுகிறோம், உன் முகத்தைப் பார்க்காத குறை ஒன்றுதான், அதற்கு எந்தக் கடையிலும் மருந்து இல்லை என்பதால் எழுதிவிட்டு மேலே போகிறேன். உன் தம்பி ராகிபும் நலம். பிறக்காத பிள்ளைக்கு என்ன வந்துவிடப் போகிறது, சளி இல்லை, காய்ச்சல் இல்லை, லண்டனுக்குத்தான் போவேன் என்று பிடிவாதமும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து ஊரே என்னை உம் ராகிப், ராகிபின் அம்மா, என்று கூப்பிடுகிறது, உன் அப்பாவை அபு ராகிப் என்று கூப்பிடுகிறது, ராகிப் உன் தாத்தாவின் பெயர், முதல் பையனுக்கு அதைத்தான் வைப்போம் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது, அந்தப் பையன்தான் இன்னும் வந்து சேரவில்லை. வந்தவள் நீ ஒருத்தி. நீயும் பத்தொன்பது நாளாகப் போனை எடுக்கவில்லை. ஆக எனக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டுமே பேசாத பிள்ளைகள்.

நான் போன் பண்ணினால் அடித்து அடித்து ஓய்ந்துவிடும், ஒரு மணி நேரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு சிவப்பு இதயம் வரும். இதுவரை நாற்பத்தொரு இதயம் வந்திருக்கிறது, உன் அப்பா எண்ணி வைத்திருக்கிறார். இத்தனை இதயத்தை வைத்துக்கொண்டு நான் என்னடி பண்ணட்டும், மக்லூபாச் சோற்றில் கத்தரிக்காய்க்குப் பதிலாக அடுக்கட்டுமா? அதனால்தான் பேனாவை எடுத்தேன். மருந்துக்கடைக்காரரின் மனைவி ஹனான் வியாழக்கிழமை எல்லைப் பாலம் தாண்டி அம்மான் போய் அங்கிருந்து மகளைப் பார்க்க லண்டன் வருகிறாள், அவளிடம் ஸாத்தர் பொடி கொடுத்து அனுப்புகிறேன், இந்தக் கடிதம் பொட்டலத்தின் நடுவில் இருக்கும். என் போனை எடுக்காதவள் என் பொடியை எடுக்காமல் இருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். பாலத்தில் சோதனை போடுகிறவர்கள் பொடியைக் கிளறினால் அவர்களும் படிக்கட்டும், தும்மிக்கொண்டே படிக்கட்டும். ஆனால் படித்துச் சிரித்துவிட்டு மடித்து வைக்கிற கடிதம் இல்லை யம்மா இது. உன்னிடம் ஒரு வேலை வாங்க வேண்டியிருக்கிறது. நஜ்லாவின் உயிர் சம்பந்தப்பட்ட வேலை, அடுத்த மாதம் பதினான்காம் தேதிக்குள் முடிய வேண்டும், உன்னைத் தவிர யாராலும் முடியாது. வரிசையாகச் சொல்கிறேன், அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் புத்தி உண்டு.

உன் அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. படி இறங்க முடியவில்லை என்பார், கீழ்வீட்டில் முசக்கன் கோழி வாசனை வந்தால் போதும், இரண்டு இரண்டு படியாக இறங்கிவிடுவார். ஓய்வு பெற்ற பூகோள வாத்தியாருக்கு வேறு என்ன வேலை, நீ வேலை பார்க்கிற லண்டன் பத்திரிகையில் நம் பக்கத்துச் செய்தி வந்தால் கணினிக் கடையில் அச்செடுத்து வாங்கி வந்து, பூதக்கண்ணாடியையும் அகராதியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி சிவப்புப் பேனாவால் கோடு போட்டுத் தள்ளுகிறார். அந்தச் செவ்வாய்க்கிழமைச் செய்திக்குப் பத்துக்கு மூன்று மதிப்பெண் கொடுத்தார். நாப்லஸ் ஜெனினுக்கு வடக்கே இருக்கிறதாம். கேட்டாயா, நம்மைத் தெருவோடு பெயர்த்து எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போய் நாசரேத்துப் பக்கம் வைத்துவிட்டார்கள், அனுமதிச் சீட்டு இல்லாமல் நாங்கள் அந்தப் பக்கம் போனது இதுதான் முதல் தடவை. உன் மகள் வேலை பார்க்கிற இடத்தின் லட்சணத்தைப் பார் என்று என்னிடம்தான் கத்துகிறார், நல்ல செய்தி வந்தால் மட்டும் என் மகள் என்பார்.

இப்போது நான் எழுதுவது சமையலறை ஜன்னலடியில். ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக் தாள்தான் ஒட்டியிருக்கிறது, காற்றடித்தால் படபடவென்று அடித்துக்கொண்டு அதுவும் என்னோடு பேசுகிறது. இதே ஜன்னலை நீ ஐந்து வயதில் மாதுளம்பழத்தால் எறிந்து உடைத்தாயே, நினைவிருக்கிறதா? அன்றைக்குத்தான் கண்ணாடிக்காரர் அபு ஷௌகத் முதல்முதலாக நம் வீட்டுக்குள் வந்தார். புதுக் கண்ணாடி மாட்டி, விளிம்பில் மக்குப் பசை வைத்து அழுத்திவிட்டு, உன்னைப் பார்த்து, இந்தா பொண்ணு, உடைச்சதுக்கு ஈடா நீ என் பையன் ஷௌகத்தைக் கட்டிக்கணும், சம்மதமா, என்று கேட்டார். நீ பெரிய மனுஷி மாதிரி யோசித்து, அவன் என்கூட விளையாடுவானா என்று கேட்டாய். வஸ்ஃபி என்பது அவர் பெயர், கல்யாணமே ஆகவில்லை, ஷௌகத் என்பது செத்துப்போன அவர் அப்பாவின் பெயர். ராகிபைப் போலவே ஷௌகத்தும் பிறக்காத பிள்ளை. அன்றிலிருந்து அவர் வாயில் நீ மருமகள், நான் சம்பந்தியம்மா. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனையில் நின்று, மருமகளே, ஷௌகத்துக்கு ஜுரம், கணக்குல நீ எத்தனை வாங்குனேன்னு கேட்டான், சொல்லிட்டுப் போ, என்று கத்துவார், நீ வெட்கத்தில் என் முதுகுக்குப் பின்னால் ஒளிவாய். லண்டனுக்குக் கிளம்பிய அன்று டாக்சி நிற்கிற இடம் வரைக்கும் ஓடிவந்து, ஓரமெல்லாம் தேய்த்து மழுக்கிய ஒரு கைக்கண்ணாடியைக் கொடுத்தார். ஷௌகத் குடுத்து அனுப்பினான், முகம் பாக்குறப்பல்லாம் அவனை நினைச்சுக்கச் சொன்னான், என்றார். அது இன்னும் உன் மேஜையில் இருக்கிறதா, அடுத்த தடவை மறக்காமல் சொல்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்ததை நான் போனில் உனக்கு அரையும் குறையுமாகத்தான் சொன்னேன். முழுதும் சொல்லத் தைரியம் இல்லை, இப்போது சொல்கிறேன். விடிகாலையிலேயே பட்டாளம் வந்துவிட்டது, வீடு வீடாகத் தட்டினார்கள், சத்த குண்டு வீசியதில் தெருவில் முக்கால்வாசி ஜன்னல் போய்விட்டது, நம்முடையதும் போய்விட்டது. ஒன்பது மணிக்கு ஜீப்புகள் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. உனக்குத்தான் தெரியுமே, ஜீப் போனதும் முதலில் ரொட்டிக்காரன் கதவு திறக்கும், அடுத்தது அபு ஷௌகத். கண்ணாடியைச் சாம்பல் நிறக் கம்பளியில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு, கண்ணாடி, கண்ணாடி, அழாதீங்க தாய்மாரே வந்துட்டேன், என்று குரல் கொடுத்துக்கொண்டு வருவார். அன்றைக்கு அவர் தானாகக் கிளம்பவில்லை யம்மா. நான்தான் போன் பண்ணினேன். அபு ஷௌகத், காத்துல அடுப்பு அணைஞ்சு அணைஞ்சு போகுது, முதல்ல எனக்கு வந்து மாட்டிடேன், என்றேன். மருமக வீட்டு ஜன்னலுக்கு அப்புறம்தான் மத்ததெல்லாம், நீங்க காபியைப் போட்டு வைங்க சம்பந்தியம்மா, என்றார். நான் ஏலக்காய் தட்டிப் போட்டு அடுப்பில் வைத்தேன். பழைய சோப்புத் தொழிற்சாலை மூலையில் ஒரு ஜீப் போகாமல் நின்றிருந்தது யாருக்கும் தெரியாது. இரண்டு தடவை சுட்டார்கள். அடுத்து கண்ணாடி விழுந்து நொறுங்குகிற சத்தம் கேட்டது. அதைக் கேட்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா, அடப்பாவமே, ஒரு முழுக் கண்ணாடி போச்சே, என்று சொன்னேன். அதைச் சொன்ன என் வாயை நானே அடித்துக்கொள்கிறேன். காபி பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது, அதை மறுநாள்தான் பார்த்தேன்.

அதற்கப்புறம் அவர் பட்ட பாட்டைச் சொன்னால் அவரே சிரிப்பார், அதனால் நீயும் சிரிக்கலாம். மத்தியானம் உன் பத்திரிகையில் முதல் செய்தி, நாப்லஸ் மோதலில் ஒருவர் பலி, சந்தேகத்துக்குரிய பொருள் வைத்திருந்தார். மோதல் என்றால் இரண்டு பேர் வேண்டும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன், உங்கள் ஊரில் ஒருத்தரே தனியாக நின்று மோதிக்கொள்வார் போலிருக்கிறது. சாயங்காலம் அடுத்த செய்தி, அபு ஷௌகத் என்ற புனைபெயரால் அறியப்பட்டவராம். ராத்திரி வேறொரு தொலைக்காட்சியில் அதுவே ரகசியப் பெயர் ஆகிவிட்டது. மறுநாள் மூன்றாவது ஒருத்தன் அவரைத் தளபதி என்றான். முப்பது வருடம் உழைத்துக் கடைக்கு ஒரு பெயர்ப்பலகை மாற்ற முடியாத மனுஷனுக்கு இரண்டு நாளில் என்ன பதவி உயர்வு பார்த்தாயா! நம்ம ஆட்கள் மட்டும் என்ன ஒழுங்கா? துக்க வீட்டில் கசப்புக் காபி ஊற்றிக்கொண்டிருக்கிறேன், ஏதோ ஒரு கட்சியின் ஆட்கள் இரண்டு பேர் சுவரொட்டியோடு வந்து நிற்கிறார்கள், நம் அபு ஷௌகத்தின் முகத்தை வேறு யாருடைய உடம்பிலோ ஒட்டி, கையில் இத்தனை நீளத் துப்பாக்கி. எங்க வீரர் என்றார்கள். எனக்கு வந்ததே ஆத்திரம். ஏம்ப்பா, இந்த மனுஷன் கையில கண்ணாடி வெட்டுற வைரமுனைக் கத்தியைத் தவிர வேற எதையாவது நீங்க யாராவது பாத்திருக்கீங்களா, எலி பிடிக்கக்கூடப் பயப்படுவாரே, அதுக்குத்தானே பூனை வளத்தாரு, என்று கேட்டேன். சுட்டவர்கள் அவரைத் துப்பாக்கிக்காரர் என்றார்கள், சொந்த ஊர்க்காரர்களும் அதையேதான் சொல்ல வந்தார்கள், கண்ணாடிக்காரர் என்று சொல்ல மட்டும் ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. கடைசியில் உன் அப்பா அடையாள அட்டைப் படத்தை வைத்து வேறு சுவரொட்டி அடித்து வந்தார், வஸ்ஃபி, கண்ணாடி வேலை, யாஸ்மினாத் தெரு, அவ்வளவுதான் அதில் இருக்கிறது.

இனி நஜ்லாவின் விஷயம். அவர் தங்கை நஜ்லாவுக்கு மார்பில் கட்டி எடுத்தது உனக்குத் தெரியும், ஜெருசலேம் மருத்துவமனையில் கதிர் வைத்தியம் நடந்தது, இருபத்தைந்து தடவையில் பதினொன்று முடிந்திருந்தது. அண்ணனை அடக்கம் பண்ணிய மறுவாரம் பட்டாளத்திடம் ஜெருசலேம் போக அனுமதிச் சீட்டு கேட்கப் போனவளுக்குப் பாதுகாப்புக் காரணம் என்று மறுத்துவிட்டார்கள். நடுவில் விட்டால் கட்டி திரும்ப வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவளோ, அண்ணனுக்குப் பிடிக்காது, அழுதா கண்ணாடியில கறை படியும்பாரு, என்று சொல்லிக்கொண்டு வீட்டைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். தாலியா என்று ஹைஃபாவில் ஒரு வக்கீல், யூதப் பெண், இந்த மாதிரி வழக்கெல்லாம் எடுத்து நடத்துகிறாள். அவள் நம் ஊருக்குள் வரக்கூடாது, நாங்கள் அவள் ஊருக்குப் போகக்கூடாது, அதனால் நானும் உன் அப்பாவும் நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்கில் நின்று அவள் கார் மேல் காகிதங்களைப் பரப்பிப் பேசினோம், நான் பிளாஸ்கில் காபி கொண்டு போயிருந்தேன், சர்க்கரை இல்லாமல்தான் குடித்தாள். நஜ்லாவின் கோப்பில் இருந்ததைக் காட்டினாள். உன் பத்திரிகைச் செய்திதான் யம்மா, அச்செடுத்து, அபு ஷௌகத் என்ற புனைபெயரால் என்கிற இடத்தில் கோடு போட்டு வைத்திருந்தார்கள். பதினான்காம் தேதி மேல்முறையீடு விசாரணைக்கு வருகிறது. முதலில் வெளியிட்ட பத்திரிகையே திருத்தம் போட்டால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள்.

அந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. காபி குடிக்கும்போது, உனக்குக் கூடப் பிறந்தவங்க யாரும்மா என்று சும்மாதான் கேட்டேன். ஒரு அண்ணன் இருந்தான், அவ்னேர், மருந்துக்கடையில வேலை, பிப்ரவரி மாசம் பஸ் நிக்கிற இடத்துல சுட்டாங்களே அதுல போயிட்டான், என்றாள். நம்ம சேனல்ல அவனை ஆயுதம் வச்சிருந்த குடியேறின்னு சொன்னாங்க, அவன் ஹைஃபாவை விட்டு எங்கயும் குடியேறல, கையில இருந்தது இருமல் மருந்து, என்றாள். நம்ம சேனல் என்று அவள் சொன்னது நான் பார்க்கிற சேனலை, அரபி நன்றாகத் தெரியும் அவளுக்கு, தினமும் அதையும் பார்க்கிறாளாம். அந்தச் செய்தி நான் பார்த்ததுதான் அரீஜ். முலூகியாக் கீரை ஆய்ந்துகொண்டு பார்த்தேன், ம் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டை எடுத்தேன். அவன் யார், வீட்டில் யார் இருக்கிறார்கள், எதுவும் கேட்கத் தோன்றவில்லை. பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டு எனக்குத் தலை குனிந்துவிட்டது, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், வேறு என்ன செய்வது. உன் பத்திரிகை அவனைப் பற்றி நன்றாக எழுதியதாம், கிளாரினெட் வாசிப்பான், ஒரு நாய் வளர்த்தான், இப்போது அந்த நாய் கதவடியிலேயே கிடக்கிறது என்றெல்லாம். உன் அப்பா தேடி எடுத்துப் படித்துக் காட்டினார், எனக்கும் அழுகை வந்தது. எழுத வேண்டியதுதான், ஒரு எழுத்துக்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் நம் அபு ஷௌகத்துக்கும் மிஷ்மிஷ் என்று ஒரு பூனை இருந்ததே, அதுவும்தான் கதவடியில் கிடந்தது, உங்கள் ஆட்களில் ஒருத்தர்கூட அதைப் பற்றிக் கேட்கவில்லையே. நாய்க்கு நாலு வரி, பூனைக்கு அரை வரியாவது கொடுத்திருக்கலாம். அது இப்போது நம் வீட்டில்தான் இருக்கிறது, பிளாஸ்டிக் தாளைப் பிறாண்டிப் பிறாண்டி என் உயிரை வாங்குகிறது.

உன் அப்பா உன் பத்திரிகைக்கு இரண்டு தடவை எழுதினார், தன் நல்ல ஆங்கிலத்தில், வரைபடத்தோடு. உங்கள் கருத்துக்கு நன்றி என்று இரண்டு தடவையும் ஒரே பதில். தாலியா வக்கீல் கடிதம் அனுப்பினாள். அதற்கு மட்டும் ஒழுங்கான பதில் வந்தது, அதைத்தான் அன்று பங்கில் அவள் வாசித்தாள். அந்தப் பெயரை அந்த ஊரையே சேர்ந்த எங்கள் ஊழியர் ஒருவர் உறுதிப்படுத்தினார், ஆகவே திருத்த முகாந்திரம் இல்லை, என்று இருந்தது. யாரா இருக்கும்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று தாலியா கேட்டாள். நான் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தேன், திருகி முடிந்த பிறகும் திருகினேன். உன் அப்பா வானத்தைப் பார்த்தார்.

எனக்கு அதற்கு முன்பே தெரியும் யம்மா. அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு நீ போனில் இருந்தாய், வஸ்ஃபியைச் சுட்டுவிட்டார்கள் என்று நான் சொன்னேன், நீ, எந்த வஸ்ஃபி என்று கேட்டாய். இருபத்தாறு வருடமாக அந்தப் பெயரால் நீ அவரைக் கூப்பிட்டதே இல்லையே, எப்படித் தெரியும். நம்ம அபு ஷௌகத்துடி, என்றேன். நீ கத்தினாய். பின்னால் ஒரு ஆண்குரல் என்னவோ கேட்டது, நீ அழுதுகொண்டே ஆங்கிலத்தில் பதில் சொன்னாய், எனக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் அபு ஷௌகத், அபு ஷௌகத் என்று இரண்டு தடவை சொன்னது தெரியும். ஆறு மணிக்குச் செய்தியில் அந்தப் பெயர் வந்தது. நீ அதைச் சொன்னபோது உன் கண் முன்னால் மாதுளம்பழமும் கைக்கண்ணாடியும் இருந்திருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டவனுக்கு முகமூடிதான் தெரிந்திருக்கும். பத்தொன்பது நாளாக நீ போனை எடுக்காதது ஏன் என்று எனக்குப் புரியாது என்று நினைத்தாயா? உன்னைப் பெற்றவள்டி நான், லண்டனில் இருந்துகொண்டு நீ சாப்பிடவில்லை என்பதை இதயத்தின் நிறத்தைப் பார்த்தே சொல்வேன்.

கேள், நன்றாகக் கேள். அவரை அந்த நேரத்துக்குத் தெருவுக்கு அழைத்தது நான். அவர் பெயரைச் சொன்னது நீ. நான் கூப்பிட்டது வீட்டு மனுஷன் என்ற உரிமையில், நீ சொன்னது பாசத்தில். சுட்டது நாம் இல்லை, புனைபெயர் என்று எழுதியதும் நாம் இல்லை. இதை எனக்கு நானே தினமும் காலையில் பிளாஸ்டிக் தாளைப் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன், பாதி நாள் நம்புகிறேன், பாதி நாள் முடியவில்லை. என் தப்பைத் திருத்த வழியில்லை, மண்ணுக்குள் போனவர் ஜன்னல் மாட்ட வரமாட்டார். உன் தப்புக்கு வழி இருக்கிறது, அதனால் நீ அதிர்ஷ்டக்காரி, ஒளிந்துகொள்ளாதே. இத்தனை வயதில் என் முதுகும் உன்னை மறைக்கிற அகலத்தில் இல்லை. வேலை போய்விடுமோ என்று பயப்படுவாய், எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். போனால் வீட்டுக்கு வா, ராகிபின் கட்டில் காலியாகத்தான் இருக்கிறது.

உன் மேலாளரிடம் நேரே போ. எழுதி அனுப்பாதே, அங்கேயும் இதயம் அனுப்பிவிட்டு வந்துவிடுவாய். எங்கள் ஊரில் ஒரு மனுஷனை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதை இல்லை, மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி இன்னாரின் அப்பா என்போம், பிள்ளை இல்லாதவர் மனசு நோகக்கூடாது என்று அவருடைய அப்பா பெயரையே ஒரு பிள்ளைக்கு வைத்து அந்தப் பிள்ளையின் அப்பா என்போம், இதில் ரகசியமும் கிடையாது பட்டாளமும் கிடையாது, என்று சொல். அப்படிப் பார்த்தால் என் அம்மாவும் ரகசியப் பெயர்க்காரிதான், பிடித்துக்கொள்ளுங்கள், அவள் கையில் கரண்டி இருக்கிறது ஜாக்கிரதை, என்றும் சொல். அப்புறம் அவ்னேருக்கு எழுதியதை எடுத்துக் காட்டி, இந்த மாதிரி எனக்கு நாலு வரி கொடுங்கள் என்று கேள், கண்ணாடி, கம்பளி, பூனை, போதும். அப்படியும் அவர் தலையைச் சொறிவார், இதெல்லாம் நீ சொல்கிறாய், ஷௌகத் என்று ஒருவன் இல்லவே இல்லை என்பதற்குச் சாட்சி யார் என்று கேட்பார். அப்போது அழாதே யம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று, அந்த ஷௌகத்துக்குப் பேசி வைத்த பெண் நான்தான், இருபத்தாறு வருடமாக மாப்பிள்ளையை இன்னும் நான் பார்க்கவில்லை, என்று சொல்.

உன் நாக்குக்கு இறைவன் உறுதி கொடுக்கட்டும், நீ போகிற கதவெல்லாம் உனக்குத் திறக்கட்டும், நஜ்லாவின் கையால் நீ உன் கல்யாண மருதாணி வைத்துக்கொள்ள வேண்டும், அதற்கு அவள் இருக்க வேண்டும், இதுதான் என் துஆ. பொடியை எண்ணெய் விட்டுச் சாப்பிடு, வெறுமனே வாயில் போட்டுக்கொள்ளாதே, இருமல் வரும். சமையலறைக்கு இன்னும் கண்ணாடி போடவில்லை, வேறு ஆளைக் கூப்பிட மனசு வரவில்லை, திருத்தம் அச்சில் வருகிற அன்றைக்குக் கூப்பிடுகிறேன், ஆகவே எனக்குக் குளிரடிப்பதும் அடிக்காததும் உன் கையில். பதினான்காம் தேதி, மறந்துவிடாதே. இதயம் போதும், போன் பண்ணு.

உன்னைப் பெற்ற,
உம் ராகிப்
(புனைபெயர் அல்ல)